இதய எம்.ஆர்.ஐ. ஆய்வில் அடியெடுத்து வைப்போருக்கு: டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில், குறிப்பாக டர்பனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும், இதய எம்.ஆர்.ஐ. ஆய்வில் புதிதாகச் சேரும் தமிழ் மருத்துவர்கள், ரேடியோகிராஃபர்கள், ஆய்வு மாணவர்கள் ஆகியோருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தவராயினும், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பிறந்து வளர்ந்தவராயினும், முதல் சில மாதங்களில் அவர்கள் இடறும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றே. மூளையையும் மூட்டையும் ஆண்டுக்கணக்கில் படமெடுத்துக் கைதேர்ந்தவர்கூட இதயத்திடம் வந்ததும் தடுமாறுகிறார். ஏனெனில் அது நிமிடத்துக்கு எழுபது எண்பது முறை சுருங்கி விரிவதோடு, ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் நகர்ந்துகொண்டும் இருக்கிறது.

புதியவர்களின் கண் முதலில் போவது இரத்த ஓட்டத்தைக் காட்டும் 4டி ஃப்ளோவின் வண்ணச் சுழல்களிலும், தசையின் தன்மையை எண்ணாகத் தரும் டி1 வரைபடங்களிலும்தான். அவை நல்ல கருவிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆய்வுக்கு வேண்டியது ஒப்பிடத் தகுந்த எண். இன்று இவருக்கு எடுத்த அளவை ஆறு மாதம் கழித்து அவருக்கே எடுக்கும் அளவோடும், அடுத்த அறையில் வேறொருவர் எடுத்த அளவோடும் கூச்சமின்றி அருகில் வைக்க முடிய வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த எண்ணைக் காப்பதற்கானதே.

கேள்வி முதலில், ஸ்கேனர் பிறகு

எம்.ஆர்.ஐ. எதற்கு ஏற்றது, எதற்கு ஏற்றதன்று என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டு தொடங்குங்கள். இதயத்தசையின் பருமன், அறைகளின் கொள்ளளவு, தசையிலுள்ள தழும்பு, நீர்க்கோப்பு, இரும்புப் படிவு, வால்வு வழியே பின்னோக்கிக் கசியும் இரத்தம், பெருந்தமனியின் விறைப்பு, கழுத்துத் தமனிச் சுவரில் படிந்த கொழுப்பு ஆகியவற்றை அது கதிர்வீச்சு இல்லாமல் அளக்கிறது. மாறாக, இதயத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, எத்தனை விழுக்காடு குறுகியிருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் சி.டி. ஸ்கேனே விரைவாகவும் கூர்மையாகவும் விடை தரும். வால்வின் மெல்லிய மடல்கள் துள்ளும் விதத்தைப் பார்க்க ஒலியலையால் படமெடுக்கும் எக்கோ போதும், படுக்கையருகிலேயே எடுத்துவிடலாம்.

இந்த நாட்டில் எம்.ஆர்.ஐ.க்கென்றே காத்திருக்கும் கேள்விகள் பல உண்டு. வாதக்காய்ச்சலால் கெட்ட வால்வுகள் இன்னும் இளம் வயதினரிடம் காணப்படுகின்றன. காசநோய் இதயவுறையைத் தாக்குவதும் இங்கே அரிதன்று. மறைந்த பேராசிரியர் போங்கானி மயோசி தன் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இவ்விரண்டுக்கும் அளித்தார். எச்.ஐ.வி. உள்ளவர்களின் இதயத்தசையில் நிகழும் மாற்றங்களை எம்.ஆர்.ஐ. கொண்டு ஆராய்ந்தவர்களுள் கேப் டவுனின் ந்டோபெகோ ந்டுசி முன்னணியில் இருப்பவர். அவர் 2024இல் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தலைவரானார். டர்பனில் உள்ள நமக்கோ இன்னொரு கேள்வி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. 1860இல் தொடங்கிக் கப்பல் கப்பலாக மதராஸிலிருந்து வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்களிடம் நீரிழிவும் இளவயது மாரடைப்பும் மிகுதி என்பது இங்குள்ள இதயநோய் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்தது.

கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். "நீரிழிவு உள்ள, மாரடைப்பு வராத ஐம்பது வயதினரின் இதயத்தசையில் பரவலான நார்த்திசு கூடியிருக்கிறதா?" என்பது கேள்வி. "நீரிழிவில் இதயம் எப்படி இருக்கிறது?" என்பது கேள்வியாகாது, அதற்கு விடை காண ஒருவரை இரண்டு மணி நேரம் குழாய்க்குள் வைத்திருக்க வேண்டிவரும். ஒருவர் பொறுமையாகப் படுத்திருக்கக்கூடியது நாற்பத்தைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரைதான். முதல் கேள்விக்கு வேண்டியவை துடிக்கும் இதயத்தை அசைபடமாகக் காட்டும் சினி, டி1 வரைபடம், தழும்புப் படம், இரத்தப் பரிசோதனை ஒன்று, அவ்வளவே.

அனுமதியும் இயந்திரமும்

2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி, பதிவுபெற்ற நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதல் இல்லாமல் மனிதர்கள் மீதான ஆய்வைத் தொடங்க முடியாது. பெயர், பிறந்த தேதி போன்றவற்றைக் கையாளுவதைப் 'போப்பியா' எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் தயாரிப்பது வழக்கம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே ஆங்கிலம் பேசுபவர்கள் என்பதால் தமிழ்ப் படிவம் அரிதாகவே தேவைப்படும். ஆனாலும் மூத்த ஆயா ஒருவரிடம் நாலு வார்த்தை தமிழில் பேசினால் முகம் மலர்ந்து, கேட்காததையும் சொல்வார். அந்தக் 'கேட்காதது' பல நேரங்களில் ஒப்புதல் படிவத்தைவிடப் பயன்படும்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்ற இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் கிடைக்கும். ஹைட்ரஜன் அணுக்கரு ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் வீதம் சுழல்வதால், முதலாவதில் ஏறத்தாழ 64, இரண்டாவதில் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை நடக்கிறது. 3 டெஸ்லாவில் சமிக்ஞை வலுவானது. ஆனால் நுரையீரலின் காற்றும் இதயமும் ஒட்டியிருக்கும் இடங்களில் காந்தப்புலம் சிதறுவதும் அங்கேதான் அதிகம், ஈ.சி.ஜி. குழம்புவதும் அங்கேதான் அதிகம். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், புதியவர்கள் 1.5இல் தொடங்குங்கள் என்றே சொல்வேன். எதில் தொடங்கினாலும் ஆய்வு முடியும்வரை அதே இயந்திரத்தை விடாதீர்கள்.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காந்தச் சுருளை ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரியில் வைத்திருக்கும் திரவ ஹீலியம், குளிர்விப்பான் நின்றுபோனால் மெல்ல ஆவியாகத் தொடங்கும். லோட்ஷெடிங் அட்டவணை வெளியாகும் காலங்களில் ஜெனரேட்டர் ஸ்கேனரை மட்டும் தாங்குகிறதா, குளிர்விப்பானையும் தாங்குகிறதா என்பதைப் பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். மின்சாரம் போய்த் திரும்பிய உடனே ஆய்வுக்கு ஆள் ஏற்றாமல், முதலில் ஜெல் நிரப்பிய சோதனைக் குப்பியைப் படமெடுத்துப் பழைய எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே தொடருங்கள்.

தொலைபேசியிலேயே தொடங்கும் தயாரிப்பு

பாதுகாப்புக் கேள்விகளை ஸ்கேன் அறை வாசலில் வைத்துக் கேட்பது காலந்தாழ்ந்த செயல். நேரம் குறிக்கத் தொலைபேசியில் பேசும்போதே ஒரு முறையும், வந்தபின் எழுத்து வடிவில் ஒரு முறையும், ஆடை மாற்றியபின் வாய்மொழியாக ஒரு முறையும் கேளுங்கள். பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் பொருத்திய கிளிப், காதுக்குள் வைத்த கருவி ஆகியவை இருந்தால் அதன் அட்டையைப் பார்க்காமல் உள்ளே விடக்கூடாது. இதயத் தமனி ஸ்டென்ட்டும் பெரும்பாலான செயற்கை வால்வுகளும் தடையாகா. படத்தில் கறுப்புக் குழி விழும், அவ்வளவே. வெல்டிங் வேலை செய்பவரிடம் கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா என்று கேட்டு, ஐயமிருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். இந்த நாட்டில் இன்னொன்றையும் தயங்காமல் கேட்க வேண்டும்: எப்போதாவது துப்பாக்கிக் குண்டு பட்டு, சில்லு உள்ளேயே தங்கியிருக்கிறதா? பலர் அதைக் காயமாகவே கருதாமல் மறந்திருப்பார்கள்.

நகைகளைப் பற்றி நம்மவரிடம் தனியாகப் பேச வேண்டும். தாலி தங்கம்தானே, காந்தம் இழுக்காதே என்று சொல்பவர் உண்டு; இழுக்காது என்பது உண்மையே. ஆனால் அது மின்கடத்தி. ரேடியோ அலையில் சூடேறலாம், மேலும் சரியாக இதயத்தின் மேலேயே கிடந்து படத்தைக் கெடுக்கும். வந்த இடத்தில், பச்சை அங்கியோடு நிற்கும் ஒரு பெண்மணியிடம் "கழற்றுங்கள்" என்றால் அவர் மனம் நோவார், அதன்பின் மூச்சடக்கவும் மனம் ஒன்றாது. முதல் நாளே சொல்லிவிட்டால், மஞ்சள் கிழங்கு கட்டிய வெறும் நூல் கயிற்றை வீட்டிலேயே அணிந்து வருவார். அதோடு உள்ளே போவதில் ஒரு தடையும் இல்லை. மெட்டி பல ஆண்டுகளாகக் கழற்றாமல் விரலில் இறுகியிருக்கும்; சோப்பு நீரில் ஊறவைத்துக் கழற்றி வரச் சொல்லுங்கள். திருகு மூக்குத்திக்கும் இதுவே. தைப்பூசத்தையோ பங்குனி உத்திரத்தையோ ஒட்டிக் காவடி எடுப்பவர்களை அந்த விரத நாட்களில் ஆய்வுக்கு அழைக்காதிருப்பதே நல்லது. அலகின் துண்டு ஏதும் உள்ளே தங்குவதில்லை. அலகு குத்திய தோல் மட்டும் ஆற வேண்டும். அதற்கும் மேலாக, ஒழுங்காக உண்ணாமலும் நீர் பருகாமலும் இருப்பவரின் இதய அறைகளில் நிரம்பும் இரத்தம் குறைந்திருக்கும், நீங்கள் அளக்கும் கொள்ளளவும் அதோடு குறையும்.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வர வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்பில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஈ.சி.ஜி. ஒட்டிகள் நழுவும்.

ஈ.சி.ஜி.யும் மூச்சும்

என் பார்வையில் இதய எம்.ஆர்.ஐ.யின் பாதி வெற்றி இந்த ஒரு படியில் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் இதற்குத்தான் மிகக் குறைந்த நேரம் ஒதுக்கப்படுகிறது. ஒரு சினிப் படம் ஒரே துடிப்பில் எடுக்கப்படுவதன்று. பல துடிப்புகளில் துணுக்குத் துணுக்காகத் தகவலைச் சேர்த்து, கீழறை சுருங்கத் தொடங்கும்போது ஈ.சி.ஜி.யில் உயரும் 'ஆர்' முனையைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக் கோர்க்கிறார்கள். அந்த முனையை இயந்திரம் தவறாகப் பிடித்தால், சுருங்கிய இதயத்தின் துணுக்கும் விரிந்த இதயத்தின் துணுக்கும் ஒன்றாகி, படம் கலங்கிவிடும்.

காந்தத்துக்குள் போனதும் ஈ.சி.ஜி.யின் வடிவமே மாறுகிறது. இரத்தம் மின்னேற்றத் துகள்களைக் கொண்ட திரவம். வலிய காந்தப்புலத்தில் அது பெருந்தமனி வழியே பாயும்போது சிறு மின்னழுத்தம் உண்டாகி, 'ஆர்' முனைக்குப் பின் வரும் 'டி' அலையின் மேல் ஏறிக்கொள்கிறது. 'டி' அலை 'ஆர்' முனையைவிட உயர்ந்து நின்றால் இயந்திரம் ஏமாந்துபோகும். எனவே தோலை நன்றாகத் துடைத்து, தேவையானால் முடியை மழித்து, ஒட்டிகளை ஒட்டிய பின், வெளியில் ஒரு முறையும் குழாய்க்குள் சென்றபின் ஒரு முறையும் திரையைப் பாருங்கள். 'ஆர்' உயரமாகவும் மற்றவை தாழ்வாகவும் இல்லையென்றால் ஒட்டிகளை இடம் மாற்றுங்கள். அந்த ஐந்து நிமிடத்தைச் சேமிக்க நினைப்பவர் பின்னர் அரை மணி நேரத்தை இழப்பார். கம்பிகளை வளையமாகச் சுருட்டி உடல்மேல் போடுவது தோலைச் சுடும், நேராக விடுங்கள்.

மூச்சைப் பொறுத்தவரை, இழுத்து நிறுத்துவதைவிட வெளியே விட்டு நிறுத்துவதே நல்லது. மூச்சை விட்டபின் உதரவிதானம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கும். இழுத்து நிறுத்தும்போது ஒரு முறை ஆழமாகவும் மறுமுறை மேலோட்டமாகவும் போய்விடும், துண்டுகளுக்கிடையே இடைவெளி விழும். "மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க... இப்போ சாதாரணமா விடலாம்" என்று மேசையில் படுக்கவைத்த நிலையிலேயே, இயந்திரத்தின் சத்தம் தொடங்கும் முன், இரண்டு மூன்று முறை பழக்குங்கள். ஜூலு பேசுபவருக்கு 'டோன்சா உமோயா', 'கிபா உமோயா', 'உங்கபெஃபுமுலி', 'பெஃபுமுலா' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். உச்சரிப்பை உடன் பணிபுரிபவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பத்து முதல் பதினைந்து விநாடி தாங்க முடியாதவருக்கு, தெளிவைச் சற்றுக் குறைத்து நேரத்தைச் சுருக்குவதா, மூச்சடக்காமல் நிகழ்நேரச் சினி எடுப்பதா என்பதை முன்பே ஸ்கேன் நெறிமுறையில் எழுதிவையுங்கள். அந்தந்த நேரத்துக்குத் தோன்றியபடி செய்தால் அந்தப் படத்தை மற்றவற்றோடு ஒப்பிட இயலாது.

சினிப் படங்கள்: ஒரு துண்டு செய்யும் வேலை

வழிகாட்டிப் படங்களிலிருந்து தொடங்கி, இரண்டறைக் காட்சி, நான்கறைக் காட்சி என்று வரிசையாகச் சென்று, இடது கீழறையின் நீள அச்சுக்குச் செங்குத்தாக, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்விலிருந்து நுனிவரை குறுக்குத் துண்டுகளை அடுக்குங்கள். ஒரு துண்டு 8 மி.மீ. தடிமன், இடைவெளி 2 மி.மீ. என்பது பரவலான வழக்கம். காலத் தெளிவு 45 மில்லி விநாடிக்கு மேல் போகக்கூடாது. இல்லையெனில் இதயம் முழுதாகச் சுருங்கும் அந்தக் கணம் தப்பிவிடும். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 800 மில்லி விநாடி. அதை 25 ஃப்ரேம்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 32 மில்லி விநாடி. இந்தக் கணக்கை ஒவ்வொருவருக்கும் மனத்தில் போட்டுப் பாருங்கள்.

இப்போது மிட்ரல் வால்வை ஒட்டிய அடித்துண்டைக் கவனியுங்கள். இதயம் சுருங்கும்போது மிட்ரல் வால்வின் வளையம் நுனியை நோக்கி ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாக இறங்குகிறது. ஆகவே விரிந்த நிலையில் கீழறையைக் காட்டிய அதே அடித்துண்டு, சுருங்கிய நிலையில் மேலறையைக் காட்டக்கூடும். விரிந்தபோது 140 மி.லி., சுருங்கியபோது 60 மி.லி. என்றால் வெளியேற்ற விகிதம், அதாவது நிரம்பிய இரத்தத்தில் வெளியேறிய பங்கு, 57 விழுக்காடு. மேலறையைக் காட்டும் அந்தத் துண்டைக் கீழறை என்று எண்ணி வரைந்துவிட்டால், 15 சதுர சென்டிமீட்டர் பரப்பு, ஒரு சென்டிமீட்டர் தடிமன் என 15 மி.லி. கூடி, சுருங்கிய கொள்ளளவு 75 ஆகும். விகிதம் 46ஆக விழும். நலமான இதயம் ஒன்று ஒரே கோட்டில் நோயாளி இதயமாகிவிடுகிறது. நான்கறைக் காட்சியையும் அருகில் திறந்துவைத்து, வால்வு எங்கே நிற்கிறது என்று பார்த்தபடியே ஒவ்வோர் அடித்துண்டையும் முடிவு செய்யுங்கள். கீழறைக்குள் துருத்தி நிற்கும் முலைத்தசைகளை இரத்தத்தோடு சேர்ப்பதா, தசையோடு சேர்ப்பதா என்பதில் இரு வழக்கமும் உண்டு. எதையும் தேர்ந்தெடுக்கலாம், நடுவில் மாற்றக்கூடாது.

கடோலினியமும் தழும்பும்

தழும்பைப் படத்தில் பிரித்துக் காட்ட ஏற்றும் கடோலினியம் மருந்தைத் தரும் முன் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைப் பாருங்கள். 2006இல் இந்த மருந்துக்கும், சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் தோலும் திசுவும் இறுகும் கொடிய நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிவந்தது. வளைய வடிவ மூலக்கூறு கொண்ட இன்றைய மருந்துகளில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. எனினும் நீரிழிவு உள்ளவர்களை ஆய்வுக்கு எடுக்கும்போது, வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே உள்ளவர்களையும் கருவுற்றவர்களையும் ஆய்வு நோக்கத்துக்காக மட்டும் மருந்தேற்றாமல் விடுவதே முறை.

அளவு பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமோல். மருந்து சென்ற பத்து நிமிடத்துக்குப் பின், நலமான தசையிலிருந்து அது கழுவப்பட்டுக்கொண்டிருக்க, தழும்பில் மட்டும் தேங்கி நிற்கும். நலமான தசை முற்றிலும் கறுப்பாகும்படி தலைகீழாக்க நேரத்தை, அதாவது சமிக்ஞையைத் தலைகீழாகப் புரட்டியபின் படமெடுக்கும்வரை காத்திருக்கும் நேரத்தை, தேர்ந்தெடுத்தால், தழும்பு வெண்மையாகப் பளிச்சிடும். இந்த நேரம் நிலையானதன்று. மருந்து வெளியேற வெளியேற அது நீண்டுகொண்டே போகும். முதல் துண்டுக்குப் பொருந்திய எண்ணையே பத்தாவது துண்டுக்கும் வைத்திருப்பது புதியவர்கள் அடிக்கடி செய்வது. தசை எந்த நேரத்திலும் சரியாகக் கறுக்கவில்லை, இரத்தமும் தசையும் ஒன்றாகவே கறுக்கின்றன என்றால் இயந்திரத்தைக் குறை சொல்லும் முன், தசையில் புரதம் படியும் அமிலாய்டு நோயை நினையுங்கள்.

தழும்பின் இடமே நோயைப் பேசும். மாரடைப்பின் தழும்பு உட்சுவரில் தொடங்கி, ஒரு தமனியின் எல்லைக்குள் அடங்கி, வெளிப்புறம் நோக்கிப் பரவும். தசையழற்சியின் தழும்பு பெரும்பாலும் வெளிச்சுவரில் பக்கவாட்டில் நிற்கும். விரிந்த இதயத்தசை நோயில் நடுச்சுவரில் கோடு போலத் தெரியும். தழும்பு சுவரின் எத்தனை பங்கை விழுங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு, அடைப்பை நீக்கினால் அந்தத் தசை மீளுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியும் என்பதை 2000இல் கிம், ஜட் ஆகியோரின் குழு காட்டியது. இன்றுவரை இத்துறையின் உறுதியான தூண்களுள் அது ஒன்று. சந்தேகமான வெண்மையை வேறொரு தளத்திலும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் தெரியாதது தழும்பன்று.

டி1 வரைபடம்: சொந்த இயல்பளவு

தழும்புப் படம் ஒப்பீட்டால் வேலை செய்கிறது. இங்கே நலமான தசை, அங்கே தழும்பு. தசை முழுவதும் சீராக நார்த்திசு பரவியிருந்தால் ஒப்பிட நலமான இடமே இருக்காது. அதற்காகத்தான், ரேடியோ அலையால் கலைந்த திசு மீளப் பிடிக்கும் நேரமான டி1ஐ ஒவ்வொரு புள்ளிக்கும் எண்ணாகத் தரும் வரைபடம் வந்தது. மெஸ்ரோக்லி குழு 2004இல் வெளியிட்ட 'மோலி' முறை இதன் முன்னோடி. மருந்தில்லாத நிலையில் இயல்பான தசையின் டி1, 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 950 முதல் 1000 மில்லி விநாடி. 3 டெஸ்லாவில் 1200ஐ ஒட்டி. ஆனால் இந்த எண்கள் இயந்திரத்துக்கு இயந்திரம், மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகின்றன. வேறு ஊரின் கட்டுரையிலிருந்து இயல்பளவை எடுத்து உங்கள் நோயாளியின்மேல் வைத்துவிடாதீர்கள். உங்கள் இயந்திரத்தில், உங்கள் நெறிமுறையில், உங்கள் ஊர் மக்களுள் நலமானவர்களை ஆண், பெண், வயது வாரியாக எடுத்துச் சொந்த அளவை உருவாக்குங்கள்.

இது நமக்குக் கூடுதலாகவே பொருந்தும். அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய 'மெஸா' இதயநோய் ஆய்வு நான்கு இனப்பிரிவினரை எடுத்துக்கொண்டது; தெற்காசியர் அதில் இல்லை. ஒரு லட்சம் பேரைப் படமெடுக்கத் திட்டமிட்ட பிரிட்டனின் 'பயோபேங்க்' திட்டத்திலும் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினரே. உடற்பரப்பால் வகுத்த பின்னும் அந்த அளவுகள் ஃபீனிக்ஸில் வாழும் ஓர் அறுபது வயதுப் பெண்மணிக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள ஆதாரம் வேண்டும்.

மருந்துக்கு முன்னும் பின்னும் டி1 எடுத்தால், செல்களுக்கு வெளியே உள்ள இடத்தின் பங்கையும் கணக்கிடலாம். ஓர் எடுத்துக்காட்டு: தசை 1000இலிருந்து 450க்கும், இரத்தம் 1550இலிருந்து 300க்கும் இறங்கினால், தலைகீழ் எண்களின் வேறுபாடுகளை வகுக்க 0.45 வரும். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹீமட்டோக்ரிட் 40 விழுக்காடு என்றால் அந்த 0.45ஐ மீதமுள்ள 0.6ஆல் பெருக்க விடை 27 விழுக்காடு, இயல்பை ஒட்டியது. அவருக்கு இரத்தசோகை இருந்து உண்மையான ஹீமட்டோக்ரிட் 30 என்றால் விடை 32. பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டை நம்பி எழுதிய எண், இல்லாத நோயை உருவாக்கவும் இருக்கும் நோயை மறைக்கவும் வல்லது. ஸ்கேனுக்காக ஊசிக்குழாய் பொருத்தும்போதே இரத்தம் எடுத்துவிடுங்கள்.

டி2 வரைபடம் நீர்க்கோப்பைக் காட்டும், 1.5 டெஸ்லாவில் இயல்பு ஏறத்தாழ 50 மில்லி விநாடி. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளுக்கு 'டி2 ஸ்டார்' அளவு தனி முக்கியத்துவம் உடையது: 20 மில்லி விநாடிக்குக் கீழே இரும்பு படிந்திருக்கிறது என்றும், 10க்குக் கீழே கடுமையாகப் படிந்திருக்கிறது என்றும் பொருள்.

இரத்த ஓட்டமும் குழாய்ச் சுவரும்

4டி ஃப்ளோவுக்குப் போகும் முன், பெருந்தமனியின் தொடக்கத்தில் ஒரே ஒரு தளத்தில் ஓட்டத்தை அளந்து பழகுங்கள். அளக்கக்கூடிய உச்ச வேகத்தை எதிர்பார்க்கும் வேகத்துக்குச் சற்று மேலே வையுங்கள். நலமான பெருந்தமனிக்கு விநாடிக்கு 150 செ.மீ. பொதுவாகப் போதும். தாழ்வாக வைத்தால் விரைந்த இரத்தம் எதிர்த்திசையில் ஓடுவதுபோல நிறம் மாறித் தெரியும். மிக உயர்த்தி வைத்தால் மெதுவான ஓட்டம் இரைச்சலில் மூழ்கும்.

இந்த அளவை உடனே சினியோடு ஒத்துப் பாருங்கள். வால்வுக் கசிவோ அறைச்சுவரில் துளையோ இல்லாதவரிடம், இடது கீழறை ஒரு துடிப்பில் வெளியேற்றும் கொள்ளளவும் பெருந்தமனியில் சென்ற அளவும் ஒத்துவர வேண்டும். ஒவ்வாவிட்டால் இரண்டில் ஒன்று தவறு. எது என்று அன்றே தேடுங்கள். இதே கழித்தல் வாதக்காய்ச்சல் நோயாளியிடம் விடையாகவே மாறுகிறது: கீழறை 110 மி.லி. வெளியேற்றி, பெருந்தமனிக்கு 70 மட்டும் சென்றால், மிட்ரல் வால்வு வழியே 40 மி.லி., அதாவது 36 விழுக்காடு, திரும்பியிருக்கிறது. கசிவின் தாரை எந்தக் கோணத்தில் பாய்ந்தாலும் இந்தக் கணக்குக்கு அது பொருட்டன்று.

4டி ஃப்ளோ முப்பரிமாணத்திலும் மூன்று திசை வேகங்களையும் துடிப்பு முழுவதும் பதிவு செய்கிறது. எடுத்து முடித்த பிறகும் எந்தத் தளத்தில் வேண்டுமானாலும் அளக்கலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். பல நூறு துடிப்புகளைச் சராசரியாக்குவதால் உச்ச வேகத்தைக் குறைத்தே காட்டும். சுவரின்மேல் உராயும் விசை போன்ற எண்களை இன்னும் ஆய்வுக்கானவையாகவே கொள்ளுங்கள். இளம்பெண்களின் பெருந்தமனியைத் தாக்கும் டகயாசு நோயில், குழாயின் உட்புறத்தைக் காட்டும் ஆஞ்சியோவோடு நிறுத்தாமல், இரத்தத்தைக் கறுப்பாக்கிச் சுவரைக் காட்டும் படங்களையும் சேருங்கள். குறுகும் முன்பே சுவர் தடித்துவிடுகிறது.

இதயத் தமனிகளை விரிக்கும் அடினோசின் மருந்தைக் கொடுத்து இரத்த ஊட்டத்தைப் பார்க்கும் ஆய்வை, மீட்பு வசதியும் மருத்துவரும் உடனிருக்கும் இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் இதய மின்கடத்தல் தடை உள்ளவர்களும் இதற்கு ஏற்றவர்களல்லர். முந்தைய நாளிலிருந்தே தேநீர், காபி, கோலா, சாக்லேட் கூடாது, ஏனெனில் காஃபின் மருந்தின் வேலையைத் தடுத்துவிடும். காலையில் தேநீர் இல்லாமல் முடியாது என்பவருக்கு இந்த ஊரிலேயே தீர்வு இருக்கிறது: ரூய்போஸில் இயல்பாகவே காஃபின் கிடையாது.

அளப்பவரையும் அளக்க வேண்டும்

கோடுகளை மென்பொருள் தானாகவே வரைந்து தருகிறது என்பதால் இந்தப் படி முடிந்துவிடவில்லை. தானியங்கிக் கோடு நடுத்துண்டுகளில் நன்றாகவும், அடியிலும் நுனியிலும் மோசமாகவும் இருக்கும். படங்களை நோயாளியின் விவரம் தெரியாதபடி குறியீட்டு எண்ணாக மாற்றியபின் அளக்கக் கொடுங்கள். சர்க்கரை நோயாளி என்று தெரிந்தவுடன் கை தானாகவே தழும்பைத் தேடும். சிலரின் படங்களைச் சில வாரம் கழித்து அதே நபர் மறுபடி அளக்கட்டும், இன்னொருவரும் தனியே அளக்கட்டும். அந்த இரு அளவுகளின் வேறுபாடு, நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் நோயின் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், மேலும் நூறு பேரைச் சேர்ப்பதால் பயனில்லை. பயிற்சியைத் திரும்பத் தொடங்குங்கள். முடிவுகளை அமெரிக்க இதயச் சங்கத்தின் 17 பகுதி வரைபடத்தில் பதியுங்கள். குறுக்குத் துண்டுகளில் 16 பகுதிகளே கிடைக்கும், நுனியை நீளக் காட்சியில் பார்க்க வேண்டும். 'த்ரீ டி ஸ்லைசர்' போன்ற இலவச மென்பொருள் பழகுவதற்குப் போதும்.

எதிர்பாராமல் தென்படுபவை

நலமானவர் என்று தன்னார்வமாக வந்தவரின் நுரையீரலில் ஒரு முடிச்சோ, ஈரலில் ஒரு கட்டியோ, தானே அறியாத பழைய மாரடைப்பின் தழும்போ ஒரு நாள் திரையில் தெரியத்தான் செய்யும். ஆய்வு தொடங்கும் முன்பே மூன்றை எழுதிவையுங்கள்: எல்லாப் படங்களையும் தகுதிபெற்ற ரேடியாலஜி மருத்துவர் யார், எத்தனை நாளுக்குள் பார்ப்பார்; காணப்பட்டதை ஆய்வுக்கு வந்தவரிடம் சொல்பவர் யார்; அவரை எந்த மருத்துவமனைக்கு, யார் பெயருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவது. இத்தகைய தகவலைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்ற கேள்வி ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும். மேசையிலிருந்து எழுந்ததும் "என்ன அண்ணா, எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்பவரிடம் ரேடியோகிராஃபர் தன் ஊகத்தைச் சொல்லக்கூடாது, மருத்துவர் பார்த்தபின் எந்தத் தேதிக்குள் தொலைபேசி வரும் என்பதை மட்டும் சொல்லி, எண் சரியா என்று இன்னொரு முறை கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.